ஏறுவதற்கு முன் இறங்குவதைக் கணக்குப் போடுங்கள்: மதுரைக்காரர்களுக்கு ஒரு மலையேற்ற வழிகாட்டி

என் வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது சதுரகிரியில் ஏறியதால் இல்லை, இறங்கியதால். ஏறும்போது எல்லாம் நன்றாகத்தான் போனது. மேலே போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மர நிழலில் துண்டை விரித்து ஒன்றரை மணி நேரம் தூங்கினேன். அப்புறம் அவசர அவசரமாக இறங்கியதில், ஒவ்வொரு பாறையிலும் விரல் நுனி ஷூவின் முன்பக்கத்தில் இடித்துக்கொண்டே வந்தது. கடைசி ஒரு மணி நேரம் காட்டுக்குள் இருட்டு. டார்ச் கொண்டுபோகவில்லை. செல்போனில் நாலு சதவீதம் சார்ஜ். முன்னால் போன ஒரு குடும்பத்தின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு எந்த மலைக்குப் போனாலும் கணக்கைத் தலைகீழாகவே போடுகிறேன். எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிப்பது என்று யோசிப்பதில்லை. எத்தனை மணிக்குக் கீழே இருக்க வேண்டும் என்று தொடங்கி, பின்னோக்கி வருகிறேன். புதிதாக மலையேற நினைப்பவர்களுக்காக, அந்த முறையிலேயே இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த மலை?

மதுரையைச் சுற்றி இரண்டு வகை மலைகள். ஒன்று, வெட்டவெளியில் தனியாகப் படுத்துக் கிடக்கும் பாறைக் குன்றுகள்: சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டிக் குன்றுகள். இன்னொன்று காடு போர்த்திய மலை: பக்கத்தில் அழகர்மலை, சிறுமலை; மேற்கே போனால் மேற்குத்தொடர்ச்சி மலை. முதல் வகையில் வெயில்தான் எதிரி. இரண்டாவதில் மழை, இருட்டு, விலங்கு, பருவத்தைப் பொறுத்துத் தீ.

இந்த வழிகாட்டியில் நாம் போய்ச் சேர வேண்டிய இடம் சதுரகிரி. மேலே இருக்கும் கோயில் மதுரை மாவட்டம் சாப்டூர் காட்டுப் பகுதியில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் ஏறும் தாணிப்பாறை அடிவாரம் விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புப் பக்கம். முழுவதும் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. 2021-ல் அறிவிக்கப்பட்ட இந்தக் காப்பகம் 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டில் ஐந்தாவது. நம் வைகைக்குத் தண்ணீர் தரும் மலைகளும் இந்தக் காப்பகத்துக்குள் வருகின்றன. ஆகவே அங்கே நடக்கும்போது நம் வீட்டுக் குழாயின் மறுமுனையில் நடக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பு பாக்கெட்டை ஓடையில் வீசத் தோன்றாது.

ஆனால் நேராக அங்கே போகாதீர்கள். ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

இரண்டாம் படி: சமணர் மலையில் இறங்கிப் பழகுவது

தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை தாண்டாமல், கீழக்குயில்குடிக்குத் திரும்பினால் அடிவாரத்தில் ஆலமரமும், அய்யனார் கோயிலும், தாமரைக் குளமும் வரவேற்கும். பாறையில் செதுக்கிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. பக்கத்தில் சுனை. இன்னும் மேலே போனால் ஒரு சமணப் பள்ளியின் (சமணர் கோயிலின்) அடித்தளம் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது: பராந்தக வீரநாராயண பாண்டியன் தன் அரசி வானவன் மாதேவி பெயரில் எழுப்பிய மாதேவிப் பெரும்பள்ளி. 9-ஆம் நூற்றாண்டுக் கதை. அதற்கும் மேலே வெறும் பாறை, காற்று, ஒரு பக்கம் நாகமலையின் நீண்ட முதுகு. இறங்கிய பிறகு தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவுக் குகையையும் பார்த்துவிடுங்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் உருவத்தை ஊர்க்காரர்கள் செட்டியார் என்றுதான் நினைத்தார்கள்; பெயர் அப்படி வந்ததுதான்.

உங்களுக்கு இங்கே வேலை, வேடிக்கை பார்ப்பது மட்டும் இல்லை. வாரம் இரண்டு நாள், விடியற்காலை வாருங்கள். ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது கவனமாக, மெதுவாக.

காரணம் இருக்கிறது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இப்போதுதான். அடுத்த நாள், அதற்கடுத்த நாள் மாடிப்படி இறங்கவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது இதனால்தான். ஆனால் உடம்பு ஒருமுறை அனுபவப்பட்டுவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அந்த அளவு வலிக்காது. மைதானத்தில் எத்தனை சுற்று ஓடினாலும் இந்தப் பயிற்சி கிடைக்காது. மலைக்கு வர முடியாத நாளில் அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். லிப்டில் மேலே போய், படியில் இறங்கினாலும் தப்பில்லை.

வெயில் காலத்தில் எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். அந்தப் பாறை சூடேறினால் தோசைக்கல்தான். மழை பெய்த மறுநாள் பாசி பிடித்த இடத்தில் கால் வைக்காதீர்கள். கல்வெட்டு இருக்கும் பாறையில் ஏறி நின்று படம் எடுக்கவும் வேண்டாம். ஆயிரம் வருடம் தாங்கிய எழுத்துக்குப் பக்கத்திலேயே அம்பு விட்ட இதயம் வரைந்து பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே கோபம் வரும்.

ஒரே இடம் அலுத்துவிட்டால் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போகலாம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பாண்டியர் குடைவரைக் கோயில், தமிழி எழுத்து, வல்லூறு, தேவாங்கு எல்லாம் உண்டு. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். இது நடப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பதற்கான இடம்.

மூன்றாம் படி: அழகர்மலையில் ஒரு ஒத்திகை

நாலு வாரம் ஆனதும் அழகர்கோயிலுக்குப் பஸ் ஏறுங்கள். மதுரையிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை நடந்தே போய்த் திரும்புவதுதான் ஒத்திகை. கோயில் பஸ் பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும், மனம் தளராதீர்கள்.

அன்று என்ன உடை, என்ன ஷூ, எவ்வளவு தண்ணீரோ அதே மூட்டையைச் சதுரகிரிக்கும் கொண்டுபோகப் போகிறீர்கள். பை தோளில் எங்கே உறுத்துகிறது, எந்தக் காலுறை சுருண்டு கொப்புளம் போடுகிறது என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். குரங்குப் பாடமும் இங்கேதான். கையில் கவர் தெரிந்தால் பிடுங்கும், ஜிப் திறக்கவும் கற்றுவைத்திருக்கிறது. சாப்பாட்டைப் பைக்கு உள்ளே, அடியில் வையுங்கள். கண்ணோடு கண் பார்த்து முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அது சண்டைக்கு அழைப்பு.

இறங்கியதும் கோயிலில் அழகர் தோசை வாங்கிச் சாப்பிடுங்கள். கனமான தோசை, நெய் வாசம். ஒத்திகைக்குச் சம்பளம்.

நான்காம் படி: மாதம்

சதுரகிரிக்கு என் தேர்வு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நமக்கு உச்சத்தில் இருக்கும், ஓடைகள் நம்ப முடியாதவை. பிப்ரவரி பாதிக்கு மேல் புல் காய்ந்துவிடும்.

புல் காய்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது வேகமெடுக்கும். கீழே எரியும் சுவாலை மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே போகிறது. மனிதன் மேல்நோக்கி ஓடும்போது வேகம் குறைகிறது. இந்தப் பந்தயத்தில் நாம் ஜெயிக்க முடியாது. காட்டில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

ஆடி அமாவாசை வேண்டாம். பக்திக்காகப் போகிறவர்கள் போகட்டும்; முதல்முறை மலையேறுபவருக்கு அந்தக் கூட்டத்தில் தன் வேகத்தில் நடக்க இடம் கிடைக்காது.

ஐந்தாம் படி: அனுமதி

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். "நண்பனுக்கு வழி தெரியும்" என்பது அனுமதி ஆகாது. சதுரகிரியில் நீண்டகாலம் பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் விட்டார்கள். பிறகு விதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. மழை எச்சரிக்கை வந்தாலோ தீ பிடித்தாலோ முதல்நாள் இரவு கூட ரத்தாகும். அதனால் முந்தின நாள் செய்தி பாருங்கள், வனத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வாசலில் விடமாட்டார்கள். மேலே இரவு தங்க முடியாது. நுழைவாயிலில் பையைச் சோதித்து பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலும் மஞ்சப்பையும் இருந்தால் விவாதம் இல்லை.

கோயில் பாதை இல்லாத வேறு காட்டுப்பாதை வேண்டுமென்றால், தமிழ்நாடு அரசு 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி.

ஆறாம் படி: மூட்டை

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். போட்டுக்கொண்டு கடையில் ஏதாவது சரிவிலோ படியிலோ முகம் கீழ்நோக்கி நின்று பாருங்கள். கட்டைவிரல் முன்னால் இடித்தால் அந்த அளவு வேண்டாம். என் நகம் சொல்லும் புத்தி இது. விலை ஆயிரமா ஐயாயிரமா என்பது இரண்டாம்பட்சம். அடிப்பகுதியில் பிடிப்பு இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வாரம் போட்டுப் பழகியிருக்க வேண்டும். முதல்நாள் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். கனக்கும்தான். ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு. மறந்துவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சாப்பாட்டுக்குப் புளியோதரையை அடித்துக்கொள்ள ஆளில்லை. மதியம் வரை கெடாது, ஆறினாலும் ருசி. இடையில் கொறிக்கக் கடலைமிட்டாய்.

தலையில் கட்டும் டார்ச், பகல் பயணம் என்றாலும். விசில். பேண்டேஜ். மெல்லிய மழைக்கோட்டு. நீள்கை சட்டை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, முட்டி மடக்கும்போது பிடிக்கும். அடிவாரத்தில் மூங்கில் கம்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஏறும்போது தொந்தரவாக இருக்கும். இறங்கும்போது மூன்றாவது கால்.

சென்ட் அடிக்காதீர்கள். மலைத்தேனீ பாறை விளிம்பில் அடை கட்டியிருக்கும். வாசனை, புகை, கல்லெறி மூன்றும் அதைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விலகி ஓடுவதைத் தவிர வழியில்லை.

ஏழாம் படி: தலைகீழ்க் கணக்கு

இப்போது பேனாவை எடுங்கள். மதுரைப் பக்கம் டிசம்பரில் சூரியன் மறைவது ஆறு மணி வாக்கில். ஆனால் தாணிப்பாறைப் பாதை மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. சூரியன் மேற்கே மலைக்குப் பின்னால் போய்விட்டால் வானம் வெளுத்திருந்தாலும் மரத்தடியில் இருட்டு. நாலரைக்கே எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாது. ஆகவே கீழே இருக்க வேண்டிய நேரம் நான்கு மணி.

இறங்க மூன்று மணி நேரம். அப்படியானால் மேலே இருந்து கிளம்ப வேண்டியது ஒரு மணி. தரிசனம், சாப்பாடு, ஓய்வுக்கு ஒன்றரை மணி நேரம்: மேலே சேர வேண்டியது பதினொன்றரை. ஏற நாலரை மணி நேரம்: ஏழு மணிக்கு முதல் அடி. கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாக வந்து சேரவும் காலைக்கடனுக்கும் இரண்டரை மூன்று மணி நேரம் என்றால், மதுரையில் நான்கு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். பஸ்ஸை நம்பினால் முதல்நாளே வத்திராயிருப்பிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தங்குவது நல்லது.

மலையேறிகளிடம் பழைய ஸ்காட்லாந்துக் கணக்கு ஒன்று புழங்குகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது குளிர்நாட்டுக் கால்களுக்கானது. நம் வெயிலுக்கும், கூட வரும் மாமா, சித்தப்பாவுக்கும் சேர்த்துப் பாதிப் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளில் ஒரு நேரத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்: பன்னிரண்டு மணி. எங்கே இருந்தாலும், கோயில் மணி காதில் கேட்டாலும், பன்னிரண்டுக்குள் மேலே சேரவில்லை என்றால் திரும்ப வேண்டும். குழுவில் எல்லோரும் வீட்டிலேயே இதற்குச் சம்மதிக்க வேண்டும். பாதி மலையில் நின்று இதைப் பேச ஆரம்பித்தால், "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று சொல்கிறவர்தான் ஜெயிப்பார்.

எட்டாம் படி: ஏற்றம்

வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், சின்னப் பசுக்கிடை, நாவல் ஊற்று என்று இடங்களின் பெயர்களே மைல்கல். பெயர்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றிலும் சேர்ந்த நேரத்தைப் பக்கத்தில் குறியுங்கள். பிலாவடிக் கருப்பர் சன்னதி வந்துவிட்டால் கோயில் பக்கம்.

முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம். குட்டி எட்டு வையுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை நாலு மடக்கு. குழுவில் மெதுவானவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் மற்றவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, அவர் வந்து சேர்ந்த நொடியில் எழுந்து நடப்பார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது.

சாம்பல் நிற மலை அணில் இந்தக் காடுகளின் பெரிய மனிதர். 1988-லேயே இதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் வந்துவிட்டது. மரம் விட்டு மரம் தாவும்போது கிளை ஆடும், அப்போது நிமிர்ந்து பாருங்கள். யானைச் சாணம் ஈரமாக இருந்தால், மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டால், நின்று, வந்த வழியே சத்தமில்லாமல் பின்வாங்கி மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். செல்பி வேண்டாம்.

ஒன்பதாம் படி: இறக்கம்

நகம் போன அதே நாளில், வழுக்குப்பாறைக்குக் கொஞ்சம் மேலே ஒரு அப்பத்தா என்னைத் தாண்டிப் போனார். அறுபதுக்கு மேல் இருக்கும். வெறுங்கால். இடுப்பில் சொருகிய சேலை, ஒரு கையில் தூக்குவாளி. நான் நொண்டுவதைப் பார்த்து நின்றார்.

"ஏப்பா, ஆடு மாதிரி குதிச்சுக் குதிச்சு எறங்காத. முட்டி போயிரும். காலைக் குறுக்க வையி, முட்டிய லேசா மடக்கிக்க."

"கால் வழுக்குது அப்பத்தா."

"தூரமா எட்டு வச்சா வழுக்கத்தான் செய்யும். பக்கத்துல பக்கத்துல வையி."

செய்து காட்டினார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பாதத்தைச் சரிவுக்குக் குறுக்கே பதித்து, எடையை அடுத்த காலுக்கு மாற்றிய பிறகே பின்காலை எடுத்தார். வாளி ஆடவே இல்லை. உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போக நினைத்த பாறையில் அவர் நடந்தே இறங்கினார். பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் இதேதான்: பயத்தில் பின்னால் சாயக் கூடாது, சாய்ந்தால் குதிகால் வழுக்கும். மூக்கு பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும்.

இறங்கத் தொடங்கும் முன் ஷூ நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள், பாதம் முன்னால் சறுக்காது. கம்பை முதலில் கீழே ஊன்றி அப்புறம் காலை வையுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை நில்லுங்கள். தொடை நடுங்கினால் அது வேகத்தைக் குறைக்கச் சொல்லும் சொல். கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் கணுக்கால் புரளும், ஏனென்றால் மனசு அதற்குள் டீக்கடையில் இருக்கும்.

ஓடை

மேலே மழை பெய்துகொண்டிருக்கும், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். தண்ணீர் தெளிவிலிருந்து கலங்கலாக மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், சத்தம் கனத்தால், ஓடையை விட்டு உடனே மேலேறிவிடுங்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரைக் கடக்க முயலாதீர்கள். காட்டாறு சட்டென்று ஏறும், வடியக் கொஞ்சம் நேரம் எடுக்கும். சில மணி நேரம் காத்திருப்பது அவமானம் இல்லை. வனத்துறையினர் கயிறு கட்டிக் கடக்க வைத்தால் அவர்கள் சொல்லும் வரிசையில் போங்கள்.

யாருக்காவது முடியாமல் போனால்

தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல் என்றால் நிழலில் படுக்கவைத்து, கரைசல் கொடுத்து, துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போடுங்கள். பேச்சு குழறினால், குழம்பிப் பேசினால் அது வெப்பத் தாக்கு. வாயில் எதுவும் ஊற்றாமல் உடம்பை நனைத்துக்கொண்டே உடனே உதவி கூப்பிடுங்கள். 108. சிக்னல் பாதையில் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், அதனால் சிக்னல் கிடைத்த கடைசி இடத்தை நினைவில் வைத்துக்கொண்டே நடங்கள்.

பாம்பு கடித்தால் அறுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை அசைக்காமல், தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பச்சிலை தேடுவது வேண்டாம், நேரம்தான் போகும்.

அடுத்து எங்கே?

இரண்டு முறை சதுரகிரி போய் வலியில்லாமல் திரும்பிவிட்டால், கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதையை முயன்று பாருங்கள். ட்ரெக் தமிழ்நாடு பட்டியலில் இருக்கிறது. மலைச்சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஆட்கள் ஏறிப் போன பழைய வழி அது. வெள்ளகவியில் ஊருக்குள் செருப்பு போடுவதில்லை, ஊர் எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கிட்டத்தட்ட முழுவதும் இறக்கம். ஏறுவது குறைவு என்று கேள்விப்பட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிய என் நண்பர் ஒருவர், திரும்பி வந்து மூன்று நாள் மாடிக்கே போகவில்லை. அவர் சமணர் மலைக்கு ஒருநாளும் வந்ததில்லை.